ஆட்டைவிட அதிக விலைக்குப் போன புத்தகம்

என் அன்பு மகளே,

வீட்டில் எல்லோரும் சுகம். ஆண்டவர் அதைத் தந்திருக்கிறார்; தைப் பனியோடு எனக்குக் கொஞ்சம் இருமலையும் சேர்த்துத் தந்திருக்கிறார். உன் புத்தகக் கட்டுகள் போன வாரம் வியாழக்கிழமை பட்டணத்து அச்சகத்திலிருந்து மாட்டுவண்டியில் அச்சுவேலிக்கு வந்து சேர்ந்தன. கறையான் ஏறாதபடி அப்பா அவற்றை முன் அறையில் வாங்குப் பலகைமேல் அடுக்கி, மேலே ஒரு பழைய போர்வையையும் போட்டிருக்கிறார். யாரோ விருந்தாளி படுத்திருப்பதுபோல் இருக்கிறது. ஒரு கட்டைப் பிரித்து அட்டையைப் பார்த்தேன். உன் பெயர், முழுப் பெயர், பெரிய எழுத்தில். என் முதற் புத்தகத்தின் அட்டையில் "ஒரு கிறிஸ்தவப் பெண்" என்று மட்டுமே இருந்தது. அதற்கு மேல் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை. நீ எழுதியிருப்பதில் எனக்குப் பிடித்த முதல் வரி உன் பெயர்தான்.

அன்று மாலையே நம் போதகர் வந்துவிட்டார். கட்டுகளைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. "பிள்ளையின்ரை புத்தகம் முழுக்க அறுப்புப் பண்டிகை ஏலத்துக்கு விடுவம். ஒண்டும் மிஞ்சாது பாருங்கோ. கோயில் கூரையும் இந்த வரியம் போட்டு முடிஞ்சிடும்" என்றார். உன் அப்பா ஏற்கெனவே கூரை முடிந்துவிட்டதுபோலத் தலையாட்டினார். நான் தேத்தண்ணி போடும் சாட்டில் அடுப்படிக்குப் போய்விட்டேன். போதகர் உனக்கும் எழுதியிருக்கிறார் என்பது நேற்று உன் கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. "அம்மா, நான் என்ன பதில் சொல்ல?" என்று கேட்டிருக்கிறாய். அடுத்த வார ஞாயிறு ஆராதனையில் அறிவிக்க வேண்டுமாம், அதற்கு முன் பதில் வேண்டுமாம். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர் நல்ல நோக்கத்தோடு கேட்கும் ஒன்றுக்கு மறுமொழி சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் இதே கேள்வியை இவருக்கு முன்னிருந்த போதகர் என்னிடம் கேட்டார். அப்போது நீ நடை பழகிக்கொண்டிருந்தாய்.

எனக்கு இன்னும் நாற்பது வயது ஆகவில்லை. புத்தி சொல்லும் வயது இதுவல்ல. ஆனாலும் உன் பதில் போதகருக்குப் போகும் முன் என் கதையை நீ முழுதாகக் கேட்க வேண்டும். மட்டக்களப்பில் உன்னோடு படிப்பிக்கும் பிள்ளைகளில் எழுத ஆசையுள்ளவர்கள் இரண்டொருவர் இருக்கிறார்கள் என்றாயே, இதை அவர்களுக்கும் வாசித்துக் காட்டு. அவர்களுக்காக, நீ அறிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகை எப்படி நடக்கும் என்று அவர்களுக்குச் சொல். அவரவர் வளவில் விளைந்ததில் முதலாவதையும் நல்லதையும் கொண்டுவந்து ஆலயத்தில் வைப்பார்கள். பூசணிக்காய், வாழைக்குலை, இராசவள்ளிக் கிழங்கு, கால் கட்டிய கோழி, சில வருடங்களில் ஆடு. ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தின் கீழ் ஏலம். அந்த ஏலத்தில் சாமானுக்கு விலையே கிடையாது. ஒரு தேசிக்காய் ஒரு மூடை நெல்லின் விலைக்குப் போகும். எடுத்தவர் அதைத் திருப்பிச் சபைக்கே கொடுப்பார், மறுபடி ஏலம் போடுவார்கள், இன்னொருவர் எடுப்பார். காசு ஆலயத்துக்கு, புகழ் கேட்டவருக்கு. தேசிக்காயை யாரும் பிழிந்து குடிப்பதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நம் பள்ளிக்கூடமும் மணிக்கோபுரமும் அப்படித்தான் எழும்பின.

அந்த வருடம் என் புத்தகம் பூசணிக்காய்களுக்கும் ஆட்டுக்கும் நடுவே மேசையில் இருந்தது. புகையிலைத் தோட்டக்காரர் வீடு ஒன்றில் வாழ்க்கைப்பட்ட சைவப் பெண் ஒருத்தி பள்ளிக்கூடத்தில் படித்த வேதத்தை மறக்க முடியாமல் தவிப்பதும், மாமியார் அவளைக் கொடுமைப்படுத்துவதும், முடிவில் அவள் ஞானஸ்நானம் பெறுவதும்தான் கதை. எல்லாப் பிரதிகளையும் முதற்பலனாகக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைய போதகர் சொன்னபோது, அதைவிடப் பெரிய பாக்கியம் இல்லை என்று நினைத்தேன். ஏலம் கூறிய மூப்பர் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "சபையாரே, இது ஆடில்லை, கோழியில்லை, எங்கடை பிள்ளை ஒராள் எழுதின புத்தகம். கேளுங்கோ!" என்றார். மலாயாவில் வேலை செய்து ஓய்வு பெற்று வந்திருந்த பென்ஷனியர் ஒருவரும் நம் ஊர் டாக்குத்தரும் போட்டிக்கு நின்றார்கள்.

"மலாயாக் காசு கதைக்குது போலை!" என்று டாக்குத்தர் சொல்ல, சனம் சிரித்தது.

"கதைக்கட்டும். உங்கடை காசு ஏன் வாய் திறக்கேல்லை?" என்றார் பென்ஷனியர்.

பென்ஷனியர் எடுத்தார், திருப்பிக் கொடுத்தார். டாக்குத்தர் எடுத்தார், திருப்பிக் கொடுத்தார். கடைசியில் பென்ஷனியரே அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போனார். மற்றப் பிரதிகளும் வீட்டுக்கு வீடு போட்டிபோட்டு எடுக்கப்பட்டன. பெண்கள் பக்கத்தில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற என் காதில் ஒரு மாமி, "பிள்ளை, ஆட்டைவிட உயரப் போட்டுது!" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான் எழுத்தாளராகிவிட்டேன் என்று நம்பினேன்.

பிறகு வாரங்கள் போயின. ஆலயத்தில் கண்டவர்கள் எல்லாம் புத்தகத்தைப் பற்றிப் பேசினார்கள். அதாவது, அது போன விலையைப் பற்றி. கதையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை. நான் அடக்கமாக இருக்க வேண்டும் என்று என்னையே கண்டித்துக்கொண்டு இருந்தேன்.

முதலில் வந்து கேட்டது பொன்னம்மாக்கா. நீ இன்றைக்கும் அவருடைய தோட்டத்து வெள்ளரிப்பிஞ்சை நினைத்துக்கொண்டு இருப்பாய். உன் சிநேகிதிகளுக்கு நான் சொல்கிறேன். அடுத்த வளவுக்காரர், சைவர், என்னைவிடச் சில வயது மூத்தவர். நம் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புவரை படித்தவர். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எங்கள் இரு வீட்டுக்கும் நடுவேயுள்ள வேலியில் ஆள் நுழையும் பொட்டு ஒன்று எப்போதும் திறந்தே இருந்தது. அதன் வழியாகத் தலையை மட்டும் நீட்டி, "என்னடி, எங்களைப் பற்றிப் புத்தகம் எழுதினனியாம். எனக்குக் காட்டாமல் ஆருக்கு எழுதினனி?" என்றார்.

"புத்தகம் எல்லாம் முடிஞ்சுதக்கா."

"முடிஞ்சுதோ? ஆர் திண்டது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் ஒரு பிரதிகூட இல்லை. இரவல் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பென்ஷனியர் வீட்டுக்குப் போனேன். புத்தகம் கண்ணாடி அலுமாரியில், சீனத்துத் தேநீர்க் கோப்பைகளுக்குப் பக்கத்தில் நின்றது. "ஐயா, ரண்டு நாளைக்கு இரவல் தரேலுமோ?" என்று கேட்டேன்.

"என்ன கதை பிள்ளை இது? டாக்குத்தரை விழுத்தி எடுத்த சாமான். இரவல் குடுத்து, மஞ்சள் கையாலை பிடிச்சுக் கொண்டந்தால்? இஞ்சையே இருந்து பாத்திட்டுப் போ."

"ஐயா வாசிச்சனீங்களோ?"

"வாசிக்காமல் என்ன? நல்ல புத்தகம். தாளெல்லாம் நல்ல தடிப்பு."

அந்தக் காலத்தில் நம் அச்சகத்தில் விளிம்பு வெட்டாமலே தைத்துத் தருவார்கள். வாசிக்கிறவர் தாமே கத்தியால் தாள்களைப் பிரிக்க வேண்டும். பென்ஷனியரின் புத்தகத்தில் ஒரு தாளும் பிரிக்கப்பட்டிருக்கவில்லை. டாக்குத்தர் வீட்டிலும் அப்படியே. மூப்பர் வீட்டில் பட்டுத் துண்டால் சுற்றி வைத்திருந்தார்கள். அவிழ்க்கச் சொல்ல மனம் வரவில்லை. சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னபோது அவர் மெல்ல எழுந்துபோய்த் தன் பெட்டியைத் திறந்தார். கல்யாணக் கோட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிரதி வந்தது. ஏலத்தின் கடைசியில் கேட்பாரில்லாமல் கிடந்ததை அவர் எடுத்திருக்கிறார். அதுவும் பிரிக்கப்படவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ எழுத எழுத எனக்குச் சொன்னனீதானே. பிறகு ஏன் வாசிப்பான்?" என்றார். அந்த மனிதரிடம் எப்படிக் கோபிப்பது? இன்றைக்கு உன் கட்டுகளுக்குப் போர்வை போட்டிருப்பவரும் அவர்தான்.

அந்தப் பிரதியைப் பொன்னம்மாக்காவிடம் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு எடுத்தார். வேண்டாம் என்றேன். "சும்மா தந்தால் எனக்கும் வேண்டாம். சும்மா வாங்கின சாமானைப் பிழை சொல்லேலாது" என்றார். காசை என் கையில் வைத்து அழுத்திவிட்டு, பனையோலை கிழிக்கும் சத்தகத்தை எடுத்து, அங்கேயே குந்தியிருந்து முதல் மடிப்பைக் கிழித்தார். என் புத்தகத்தை ஒருவர் திறக்கும் சத்தத்தை அன்றுதான் முதன்முதல் கேட்டேன்.

நாலைந்து நாள் கழித்துப் பொட்டுக்குள்ளால் வந்தார். புத்தகம் கையில்.

"உந்த மாமி எந்த ஊர்?"

"ஏனக்கா?"

"மருமோளை ஏசுறதையும் பிரசங்கம் மாதிரி ஏசுறா. நான் என்ரை மாமியிட்டை எத்தினை வரியமாய் ஏச்சு வாங்கிறன். ஒரு நாளும் அவ உவ்வளவு வடிவாய் ஏசேல்லை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பொறு, முடிக்கேல்லை. எங்கடை வீட்டிலை ஒருத்தரும் சிரிக்கிறேல்லையோ? முதல் தாளிலை அழத் துவங்கின சனம் முடியுமட்டும் அழுகுது. வேதக்காற வீடு வந்தவுடனை விளக்குக் கொளுத்தியிருக்கு, தேத்தண்ணி கொதிக்குது, எல்லாரும் முகம் கழுவிப்போட்டு நிக்கினம். எங்கடை வீட்டிலை விளக்கில்லையோடி? நீ எத்தினை நாள் எங்கடை அடுப்படியிலை இருந்து சாப்பிட்டனி?"

"அது கதைதானே அக்கா."

"கதையெண்டால் பொய் சொல்லலாமெண்டு உங்கடை வேதத்திலை கிடக்கோ?"

புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவமானத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. நான் சுவிசேஷத்துக்காக எழுதினேன், இவருக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பொட்டு திறந்துதான் இருந்தது. இரு பக்கத்திலிருந்தும் யாரும் வரவில்லை. நீ மட்டும் தவழ்ந்தும் நடந்தும் போய் வந்துகொண்டிருந்தாய். ஒரு நாள் உன்னைத் தேடிக்கொண்டு போனபோது, பொன்னம்மாக்காவின் மாமியார் முற்றத்தில் நின்று அவரை ஏசிக்கொண்டிருந்தார். எரிச்சலான, முடிச்சு விழுந்த, பாதியில் நின்று இருமிவிட்டுத் தொடர்கிற ஏச்சு. ஏசிக்கொண்டே உனக்கு ஒரு வாழைப்பழத்தை உரித்து ஊட்டிக்கொண்டிருந்தார். என் கதையின் மாமியார் யாருக்கும் எதையும் ஊட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொன்னம்மாக்கா என்னைப் பார்த்து, "கேள், நல்லாக் கேள். இனி எழுதேக்கை பிழை விடாதை" என்றார். மாமியாரும் எங்களைப் பார்த்துவிட்டு, "என்ன ரண்டு பேரும் பல்லைக் காட்டுறியள்?" என்று ஏச்சைத் தொடர்ந்தார்.

மகளே, நான் எழுதக் கற்றுக்கொள்ளத் தொடங்கியது அங்கேதான். எழுத்தைச் சிலர் வரம் என்கிறார்கள். எனக்கு அது வேலையாகவே இருந்தது. நம் வீட்டில் உலை வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடி அரிசியை ஆலயத்துக்கென்று வைத்த மண்முட்டியில் போடுகிறோம் அல்லவா? நிறைந்த முட்டியை யாரும் ஒரே நாளில் கொண்டுவருவதில்லை. பொழுது கிடைக்கும்போது எழுதலாம் என்று இருந்தவள், அதன்பிறகு அரிசி போடும் கையோடு நாலு வரி எழுதிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவது என்று வைத்துக்கொண்டேன். உலை பிந்தியதற்கு அப்பா ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. நீதான் பசியில் கத்துவாய். எழுதியதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சத்தமாக வாசிப்பேன். அந்தப் பக்கத்தில் பொன்னம்மாக்காவின் உலக்கை நின்றால் அந்த இடம் பரவாயில்லை. உலக்கை நிற்காவிட்டால் அந்த வரிகளை அடித்துவிடுவேன்.

இரண்டாம் புத்தகத்தை ஏலத்துக்குக் கொடுக்கவில்லை. அதற்காக வீட்டில் மூன்று பேச்சும் வெளியில் முப்பது பேச்சும் கேட்டேன். அச்சுவேலிச் சந்தையில் சிலேட்டும் பள்ளிப் புத்தகமும் விற்கிற கடையில் வைத்தோம். கடைக்காரர் சைவர். அதைப் பஞ்சாங்கங்களுக்குப் பக்கத்தில் அடுக்கினார். நல்ல இடம்தான். பஞ்சாங்கம் வாங்க எல்லோரும் வருவார்கள். மிக மெதுவாக விற்றது. ஒரு கட்டுப் புத்தகத்தைக் கறையான் தின்றது. கடைக்காரரிடம் கணக்குக் கேட்கப் போகுமுன் வெட்கத்தால் இரண்டு தரம் கடையைத் தாண்டிப் போயிருக்கிறேன். கிறிஸ்தவள் என்றால் கணக்குக் கேட்கக்கூடாது, கேட்டால் ஊழியம் வியாபாரமாகிவிடும் என்று என்னைப் போலவே உனக்கும் தோன்றும். கேள். கடைக்காரருக்கு அவருடைய பங்கை முகம் சுளிக்காமல் கொடு, உன்னுடையதைத் தயங்காமல் கேள். அச்சகத்தாரோடு பேசியதைத் தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கு. விற்காமல் கிடப்பதைத் திருப்பி எடுத்து வெயிலில் காயவை. நேர்மையான விற்பனையில் பாவம் எதுவும் இல்லை என்று உணர எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

அந்தப் புத்தகத்தை அறிமுகமில்லாத ஒருவர் வாசிப்பதை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். பட்டணத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது, வழியில் திருநெல்வேலிச் சந்தியில் ஏறிய ஒரு பெண் எனக்கு முன் இருக்கையில் இருந்து அதைப் பிரித்தார். கொழும்புத்துறைப் பக்கத்தவர் போலும், மடியில் கருவாட்டுப் பொட்டலம் இருந்தது. விரலை நனைத்து நனைத்துத் தாளைப் புரட்டினார். ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். அது மாமியார் ஏசிக்கொண்டே பிள்ளைக்கு ஊட்டும் இடமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நான்தான் எழுதினேன் என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வராது எனக்கு. ஆனால் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், அவர் அந்தப் புத்தகத்தை மூடுமட்டும் போய், திரும்பி நடந்து வந்தேன். புழுதியில் நடந்து வந்த அந்த வழி முழுதும் நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு வந்தேன். வேப்பமரத்தின் கீழ் எனக்கு வந்த கண்ணீரில் அப்படி ஒரு நன்றி இருக்கவில்லை.

நீ கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஆண்டவருக்குக் கொடுக்க மறுப்பதா என்று கேட்பாய். போதகரும் கேட்பார், அப்பாவும் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் பல வருடம் இதை யோசித்திருக்கிறேன். நீ உண்மையாக எழுத உட்கார்ந்தபோதே அவருக்குக் கொடுத்துவிட்டாய். இந்தக் கட்டுகள் இனி வாசிக்கிறவருக்கு உரியவை. அவர் நம் ஆலயத்துக்கு வருகிறவராகவும் இருக்கலாம், ஒருநாளும் வராதவராகவும் இருக்கலாம். அவருக்கும் புத்தகத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடி அலுமாரியைப் பூட்டி வைப்பது தேவனுக்குச் செய்யும் காணிக்கை என்று என்னால் நம்ப முடியவில்லை. கூரைக்கு வேண்டியதை வேறு வழியில் கொடுப்போம். நம் சபை புகழட்டும் என்று எழுதத் தொடங்கினால், அடுத்த வீட்டில் விளக்கு இல்லை என்று எழுதிவிடுவாய். எனக்கு நடந்தது அதுதான்.

இன்னொன்று. உன் புத்தகத்தை வாசித்துவிட்டேன். அதில் அந்தக் குழவிக்கல் விழும் இடத்தில்... அதைப் பிறகு சொல்கிறேன். அதுபற்றி எனக்குச் சண்டை இருக்கிறது. நீ விடுமுறைக்கு வா.

போதகருக்கு நீதான் எழுத வேண்டும். பெயரை அட்டையில் போட்டவள் நீ. பதிலுக்குக் கீழேயும் உன் பெயர்தான் வரவேண்டும். நீ ஏலத்துக்கு என்றால், நானே கட்டுகளை அவிழ்த்து மேசையில் அடுக்குவேன், ஒரு சொல் சொல்லமாட்டேன். கடைக்கு என்றால், திங்கட்கிழமை சந்தைக்கு முதற்கட்டு போகும். கிணற்றடியில் இந்த வருடம் பெரிய பூசணிக்காய் ஒன்று விளைந்திருக்கிறது; அதை இருவருமாகத்தான் தூக்க வேண்டும். ஏலத்துக்கு அது போகும். பென்ஷனியரும் டாக்குத்தரும் அதற்கு நின்று அடிபடட்டும்.

நேற்று மாலை பொன்னம்மாக்கா வந்தார். அவருக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல். போர்வையைத் தூக்கி, கட்டுகளைக் கையால் தடவிப் பார்த்தார். "இது பிள்ளையின்ரையோ?" என்றார். "ஓம் அக்கா" என்றேன். ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எடுக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை ஜன்னல் கட்டையில் வைத்தார். "கடைக்கு வருமெண்டால் எனக்கு முதல் புத்தகம். ஏலத்துக்குப் போகுதெண்டால் காசைத் திருப்பித் தா, நான் உங்கடை வேப்பமரத்துக்குக் கீழை வந்து நிக்கேலாது" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது பொட்டில் நின்று திரும்பி, "பிழையெண்டால் விடமாட்டன், சொல்லிப்போடு" என்றார்.

காசு ஜன்னல் கட்டையிலேயே இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. பக்கத்தில் சத்தகத்தையும் அவர் மறந்துவிட்டுப் போயிருக்கிறார். மறந்துதான் போனாரோ தெரியாது. உன்னை எழுத வைத்த ஆண்டவர் உன் கையையும் மனதையும் திடமாக வைத்திருக்கட்டும். பதிலை எழுது.

உன் அம்மா